ஒற்றுக்காரர் தோத்துட்டார்

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒற்றுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். க், ச், த், ப் என்ற நான்கு எழுத்துகளும் எந்த இடத்தில் வர வேண்டும், எந்த இடத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பத்தொன்பது வருடமாகக் காவல் காத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? அழைப்பிதழ், இரங்கல் செய்தி, பள்ளிக்கூட ஆண்டு மலர், மருந்துக்கடை விளம்பரம், சபைகளின் ஜெபப் புத்தகம், எதுவானாலும் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்னால் அவர் மேஜைக்கு வந்து சிவப்பு மை வாங்கிக்கொண்டுதான் போகும். ஒருமுறை ஏதோ ஒரு சபையின் விருந்து அறிவிப்பில் 'இறைமக்கள் அனைவரும் வருக' என்பது 'இரைமக்கள் அனைவரும் வருக' என்று வந்துவிட்டது. அது அப்படியே போயிருந்தால் அந்த விருந்தில் யார் யாரைச் சாப்பிட்டிருப்பார்களோ தெரியாது. கண்டுபிடித்துக் காப்பாற்றியவர் நம் ஆள்தான்.

இந்தக் கதை கையில் கிடைத்தால் இதிலும் நாலு இடத்தில் வட்டம் போடுவார். போடட்டும். அவர் கதையை அவர் இல்லாத நேரத்தில்தான் நிம்மதியாகச் சொல்ல முடியும்.

பிழை பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பக்கத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கி, முதல் சொல்லை நோக்கிப் பின்பக்கமாகவே படித்துப் போவார். முன்னாலிருந்து படித்தால் பொருள் புரிந்துவிடும், பொருள் புரிந்தால் மனம் அதோடு ஓடிவிடும், மனம் ஓடினால் பிழை தப்பிவிடும் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பின்னாலிருந்து படிக்கிறவருக்கு மணமகள் யார், இறந்தது யார் என்று ஒன்றும் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கான கல்யாணங்களையும் சாவுகளையும் ஒரு பொட்டுச் சந்தோஷமோ துக்கமோ இல்லாமல் அப்படித்தான் தாண்டி வந்திருந்தார்.

வேதவசனங்களுக்கும் அதே மரியாதைதான். கடைசி ஆமெனிலிருந்து தொடங்கி மேலே ஏறுவார். இயேசு ஒரு குழந்தையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, இதைப் போல ஆகுங்கள் என்று பெரியவர்களுக்குச் சொன்ன இடம் அவர் கைவழியாக முப்பது தடவையாவது போயிருக்கும். அந்த இடத்தைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 'பிள்ளைகளை' என்பதற்கும் 'போல' என்பதற்கும் நடுவில் ஒரு ப் விட்டுப்போயிருந்தது.

சின்ன வயதில் ஞானஸ்நானம் வாங்கி, ஆலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போனவர்தான். ஆனால் உள்ளே விசுவாசம் எப்போது வற்றியது என்று அவருக்கே தெரியாது. ஆண்டவரோடு சண்டை போட்டுப் பிரியவில்லை. அடுப்பில் வைத்து மறந்துபோன வெந்நீர் மாதிரி, திரும்பிப் பார்த்தபோது பாத்திரம் மட்டும் இருந்தது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். பாட மாட்டார், ஜெபத்தில் வாய் திறக்க மாட்டார். அன்றைய ஆராதனையின் ஒழுங்கை அச்சடித்த தாளை மடியில் விரித்து, சிவப்புப் பேனாவால் பிழை தேடுவார். போதகரே தட்டச்சு செய்து போதகரே நகல் எடுக்கும் தாள் அது. வாரத்துக்கு ஒரு பிழை கட்டாயம் இருக்கும். ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் போதகரோடு கைகுலுக்கிப் போகும்போது இவர் தாளை நீட்டி, நாலாவது வரி ஐயா, என்பார். போதகர் நெற்றியில் கை வைத்துக்கொள்வார். அதோடு இவருக்கு அந்த வாரத்து ஆராதனை நிறைவாகிவிடும்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய ஒரே கடிதத்தை மூன்று இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்த மகானுபாவர் இவர். அதற்குப் பிறகு அவள் எழுதுவதில்லை. எதுவானாலும் நேரில்தான் திட்டுவாள், அதில் ஒற்றுப் பார்க்க முடியாது. உங்களுக்குக் கிட்டப்பார்வை என்று அடிக்கடி சொல்வாள். பலகையில் கடைசி வரி வரைக்கும் தெளிவாகப் படித்துக் காட்டி, ஒரு குறையும் இல்லை என்று அவர் நிரூபிப்பார். நான் சொல்வது அந்தக் கண்ணை இல்லை என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்துவிடுவாள்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு ஆறு வயது. கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரைக்கும் வாய் ஓயாததால் குருவி என்று பெயர். இளையவளுக்கு மூன்று. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் உருண்டை. இரண்டும் சேர்ந்து சன்னல் திரைக்குப் பின்னால் ஒரு விளையாட்டு விளையாடும். பொத்தான், துணிக் கவ்வி, பென்சில் சீவல், காய்ந்த இலை என்று ஆளுக்கொரு குவியலை வைத்துக்கொண்டு, இந்தா, இந்தா, என்று ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டே இருக்கும். விதிமுறை என்னவென்று அவர் கேட்டதில்லை.

சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குருவி வந்து அன்றைய செய்தியை வாசிப்பாள். லிஃப்ட் நம்மைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது மாடியில் துப்பிவிடுகிறது. நிழலுக்குச் செருப்பு இல்லை. எறும்பு எதிரில் வந்த எறும்பிடம் ரகசியம் சொன்னது. அவர் ஒவ்வொன்றையும் திருத்தி அனுப்புவார். லிஃப்ட் துப்பாது, நாம்தான் இறங்குகிறோம். எறும்பு அஃறிணை, ரகசியம் சொல்லாது. குருவி அதற்கெல்லாம் அசரமாட்டாள். அடுத்த நாள் வேறொன்றோடு வருவாள்.

அவள் அசந்துபோனது ஒரு சாப்பாட்டு மேஜையில்.

அந்த வாரம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் அக்கா, 'ஸ்தோத்தரிக்கிறோம்' என்று ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆண்டவரைத் துதிக்கிறோம் என்று அர்த்தம். குருவிக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவள் காதில் விழுந்தது என்ன, வாயில் நுழைந்தது என்ன என்பதெல்லாம் அவளுக்கே வெளிச்சம். சாப்பிட உட்கார்ந்ததும் நான்தான் ஜெபம் பண்ணுவேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக உங்ககிட்ட தோத்துட்டோம். அம்மாவுக்காக தோத்துட்டோம். உருண்டைக்காக தோத்துட்டோம். சன்னல்ல வந்த பச்சைப் பூச்சிக்காக ரொம்ப ரொம்ப தோத்துட்டோம். ஆமென்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொன்னாள். ஒற்றுக்காரர், கையில் பேனா இல்லாததால், கரண்டியால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். தோத்துட்டோம் இல்லை, ஸ்தோத்தரிக்கிறோம், முன்னால் ஸ் வர வேண்டும், எங்கே சொல்லு என்றார். குருவி சொல்லிப் பார்த்தாள். பல் இல்லாத இடம் வழியாகக் காற்று விசில் அடித்தது. உருண்டை கைதட்டிச் சிரித்தாள். இன்னொரு தடவை என்றார். மறுபடியும் விசில். பத்துத் தடவை சொன்னால் வந்துவிடும் என்றார். ஏழாவது தடவையில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது, குருவியின் கீழ் உதடு தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. போதும், சாப்பிட விடுங்கள் என்று மனைவி தட்டை நகர்த்தினாள். ஒரு சொல்லைத் தப்பாக விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது. மூன்று தடவை பாக்கி வைத்த வருத்தத்தோடு சாப்பிட்டார்.

மறுநாள் குருவி மனசுக்குள் ஜெபம் செய்துகொள்கிறேன் என்றாள். அவர் நல்ல பழக்கம் என்றார். அன்று சாயங்காலம் வாசலில் செய்தி வாசிப்பு இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் நம்புவீர்களா? சந்தோஷப்படத்தான் செய்தார்.

நாலாவது நாள் அந்த அமைதி அவர் காதில் உறுத்தத் தொடங்கியது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று அவராகவே கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள் குருவி.

அதில் வட்டம் போட இடமே இல்லை. அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பிழையற்ற வாக்கியம் அதுதான். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னால் கிசுகிசுவென்று பேச்சுக் கேட்டது. லிஃப்ட், மழை, பூச்சி என்று எல்லாச் செய்தியும் உருண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கிட்டே போனதும் நின்றுவிட்டது.

அந்த ஞாயிறு போதகர் ஒரு அறிவிப்புச் செய்தார். மூன்று வாரம் கழித்து ஆராதனையைப் பிள்ளைகளே நடத்தப் போகிறார்கள், நன்றி ஜெபத்தைச் சொல்லப் போவது குருவி. வீட்டுக்கு வந்ததும் குருவி மாட்டவே மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மனைவி குனிந்து என்னவென்று கேட்டாள். கேட்டுவிட்டு நிமிர்ந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"அப்பா தப்பு சொல்லுவாருன்னு சொல்றா. வீட்டுல பேசறதுக்கே பயப்படற புள்ள சபையில எப்படிப் பேசும்? அவ வாயை மூடினது நீங்க. நீங்களே தொறந்து விடுங்க."

திறப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. இனிமேல் திருத்தவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஒரு மணி நேரம் தாங்கியது. உருண்டை சன்னலைக் காட்டி "நாய் பறக்குது" என்றாள், அது காக்கா என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சத்தியம் போயே போயிற்று. அடுத்து, தன் சிவப்புப் பேனாவைக் குருவியிடம் கொடுத்து, நீ எனக்குத் தப்புச் சொல்லலாம் என்றார். குருவி மூடியைச் சரியாக மாட்டித் திருப்பிக் கொடுத்தாள். கதை சொல்லிப் பார்த்தார். சிங்கம் காட்டுக்குப் போயிற்று என்று தொடங்கி, போயிற்றா போனதா என்று தன்னையே நிறுத்தித் திருத்திக்கொண்டார். சிங்கம் காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டன. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான தவறுகளைச் சரிசெய்தவருக்குத் தன்னுடைய ஒரு தவறை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

ஒரு காலையில் அவர் வேலைக்குக் கிளம்பி நிற்கும்போது உருண்டை அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா வா. தண்ணி நடக்குது."

தண்ணீர் நடக்காது, ஓடும் என்று சொல்ல அவர் வாய் திறந்துவிட்டது. எப்படியோ கையால் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து, எங்கே என்று கேட்டார்.

பால்கனியில் துணி காயப்போடும் கயிறு. விடியற்காலை பெய்த மழை கயிற்றின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தால் தெரியாது, படுக்க வேண்டும் என்று உருண்டை உத்தரவு போட்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் ஈரத் தரையில் மல்லாந்து படுத்தார். ஒரு சொட்டுக் கயிற்றின் அடிப்பக்கமாகவே மெதுவாக நடந்து போயிற்று. நடந்ததுதான், ஓடவில்லை. இரண்டடி போய் நின்றது. அங்கே இருந்த இன்னொரு சொட்டோடு ஒட்டியது. இரண்டும் ஒன்றாகிக் கனத்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு அவர் மூக்கின்மேல் விழுந்தது. உருண்டை விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் அடுத்த சொட்டைப் பார்த்தார். அதற்குள் எதிர்க் கட்டடம் தலைகீழாக இருந்தது, ஆகாயம் கீழே இருந்தது, அவ்வளவும் ஒரு பட்டாணி அளவுக்குள். இந்தக் கயிற்றில் எட்டு வருடமாக அவருடைய சட்டை காய்கிறது. அவர் ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. குருவி. பள்ளிச் சீருடையோடு சத்தமில்லாமல் வந்து அவருக்கு மறுபக்கம் படுத்திருந்தாள். பேசவில்லை. ஆனால் படுத்திருந்தாள்.

அப்போது அவருக்குள் ஒன்று நிகழ்ந்தது, அதை அவரால் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. மழைக்கா, கயிற்றுக்கா, இந்த இரண்டு பிள்ளைகளுக்கா, எதற்கென்று தெரியவில்லை. அச்சகத்து முதலாளியிடமோ மனைவியிடமோ சொல்லித் தீர்க்கிற அளவுக்கு அது சின்னதாக இல்லை. ஈரத்தில் படுத்துக்கொண்டு, அடுப்பில் பாத்திரம் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்திருந்த இடத்தில், யாரோ இருக்கிறார் என்பது போல அவர் மேலே பார்த்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அன்று அவர் வேலைக்குத் தாமதம். முதுகெல்லாம் ஈரம். மேஜைமேல் ஒரு கல்யாண அழைப்பிதழ் காத்திருந்தது. அவர் அதை முன்னாலிருந்து படித்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மணமகள் ஒரு செவிலி, மணமகன் ஒரு பேருந்து ஓட்டுநர் என்று தெரிந்துகொண்டார். இருவரும் எங்கே சந்தித்திருப்பார்கள், அவனுக்கு ஊசி போடும்போதா, அவளை நிறுத்தத்தில் ஏற்றிக்கொள்ளும்போதா என்று யோசித்தார். நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தார். நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மணமகளின் அப்பா அழைப்பிதழ் கட்டை எடுத்துக்கொள்ள வந்து, முதல் அட்டையைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். 'தங்கள் வரவை எதிர்நோக்கும் இரு வீட்டார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தங்கள் வரவை எதிர்க்கும் இரு வீட்டார்' என்று இருந்தது.

அச்சகம் மூச்சு விட மறந்தது. முதலாளி ஒற்றுக்காரரைப் பார்த்தார். ஒற்றுக்காரர் தரையைப் பார்த்தார். மணமகளின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருப்பதைத்தான் போட்டிருக்கிறீர்கள், வருகிற கூட்டத்தை நினைத்தால் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன், மற்றதைத் திரும்ப அடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒற்றுக்காரரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அன்று மேஜையில் எல்லோரும் உட்கார்ந்ததும் அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அப்பா இன்றைக்கு ஒரு தப்புச் செய்துவிட்டேன் என்றார். குருவி நிமிர்ந்து பார்த்தாள். பெரிய தப்பா என்று கேட்டாள். ஏறக்குறைய மூன்று வாரத்தில் அவளாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி. பெரிய தப்புத்தான் என்று அவர் முழுக்கதையையும் சொன்னார். மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், புரையேறிவிட்டது. குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. யோசனையில் இருந்தாள்.

"அந்தத் தாத்தா உங்களப் பத்து தடவ சொல்லச் சொன்னாரா?"



"இல்லம்மா" என்றார். "தோள்ல தட்டிக் குடுத்தாரு."

உருண்டை தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு ஜெபத்தில் நீ சொன்னாயே, தோத்துட்டோம் என்று, அப்படியென்றால் என்ன?

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் குருவி அவரைப் பார்த்தாள். "நானும் உருண்டையும் விளையாடுவோம்ல. நான் ஒண்ணு குடுப்பேன், அவ ஒண்ணு குடுப்பா. யாருகிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம போகுதோ அவங்க தோத்துட்டாங்க. ஆண்டவரு குடுத்துக்கிட்டே இருக்காருப்பா. மழை குடுத்தாரு, பூச்சி குடுத்தாரு, உருண்டைய குடுத்தாரு. எங்ககிட்ட திருப்பிக் குடுக்க ஒண்ணுமே இல்ல. அதான், தோத்துட்டோம்."

ஒற்றுக்காரர் அதை முன்னாலிருந்து படித்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் பின்னாலிருந்தும் படித்துப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்தும் பிழை இல்லை. பால்கனியில் படுத்திருந்தபோது அவருக்கு வாயில் வராத சொல் அதுதான். முப்பது தடவை கையில் வந்தும் படிக்காமல் விட்ட அந்த வசனத்தில், நடுவில் நிறுத்திய குழந்தைக்குக் குருவியின் முகம் இருந்தது. முன்பல் இரண்டும் இல்லாத முகம். ஒரு ப் போட்டு அனுப்பிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கிற சாமர்த்தியமும் அவருக்கு இல்லை.

ஆலயத்தில் சொல்கிறாயா, அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு ஸ் வராதே என்றாள் குருவி. வர வேண்டாம் என்றார். குருவி கொஞ்சம் யோசித்து, பார்க்கலாம் என்றாள், விடுமுறை கேட்டால் அச்சகத்து முதலாளி சொல்வது போல.

அந்த ஞாயிறு அவர் வழக்கமான கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாள் மடியில் கிடந்தது, பேனா சட்டைப் பையில் கிடந்தது. இரண்டையும் அவர் தொடவில்லை. குருவி வரும் வரைக்கும் அவருக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. குருவியை ஒரு முக்காலியில் ஏற்றி ஒலிவாங்கியைத் தாழ்த்தி வைத்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தொடங்கினாள். நல்ல கணீர் என்ற குரல்.

"ஆண்டவரே, நீங்க எங்களுக்குக் குடுத்த எல்லாத்துக்காகவும் உங்களுக்கு ஸ்..."

ஒலிவாங்கி விசிலடித்தது. முன்வரிசையில் யாரோ பிள்ளைகள் சிரித்தன. குருவி கண்ணைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, போதகரைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தாள். கீழ் உதடு தனியாக நடுங்கத் தொடங்கியது. ஒற்றுக்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. இப்போது அவள் முக்காலியிலிருந்து இறங்கினால் இறங்கியதுதான். இனி வாசலுக்கு வரமாட்டாள், லிஃப்ட் துப்பியதைச் சொல்லமாட்டாள், மேலே இருக்கிறவரிடமும் வாய்விட்டுப் பேசமாட்டாள்.

அவர் எழுந்து நின்றார். அந்த ஆலயத்தில் இருமுவதற்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர், இருநூறு பேர் திரும்பிப் பார்க்க, உரக்கச் சொன்னார்:

"தோத்துட்டோம்!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கப் போனவள், கையை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஆலயம் திகைத்துப்போயிருந்தது. இவருக்கு என்ன ஆயிற்று, எதில் தோற்றார் என்று இரண்டு மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முக்காலியில் குருவியின் முகம் மெல்ல மலர்ந்தது. பல் இல்லாத இடம் முழுக்கத் தெரிந்தது.

"ஆமா, தோத்துட்டோம்" என்றாள். "மழைக்காக தோத்துட்டோம். லிஃப்டுக்காக தோத்துட்டோம். அப்பாவுக்காக ரொம்ப தோத்துட்டோம். ஆமென்."

"நானும் தோத்துட்டேன்" என்று எங்கிருந்தோ உருண்டை கத்தினாள். சபை சிரித்துக்கொண்டே ஆமென் சொன்னது. அன்றைக்குச் சொன்ன அளவுக்குச் சத்தமாக அந்தச் சபை ஆமென் சொன்னதில்லை என்று சொல்கிறார்கள்.

வாசலில் போதகர் வழக்கம்போல் கை நீட்டிக்கொண்டு நின்றார். கைகுலுக்க இல்லை, தாளை வாங்க. ஒற்றுக்காரர் தாளைக் கொடுத்தார். போதகர் இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சிவப்பே இல்லை. முகம் வாடிப்போயிற்று.

"ஒண்ணுமே இல்லையா? தலைப்புலயே 'இரை வணக்கம்'னு வச்சிருந்தேனே. பிள்ளைங்க ஆராதனையாச்சேன்னு இந்த வாரம் பெரிசா வச்சேன்."

வைத்தீர்களா என்று ஒற்றுக்காரர் கேட்டார். போதகர் கொஞ்சம் கூச்சத்தோடு ஒத்துக்கொண்டார். எட்டு வருடமாக வாரத்துக்கு ஒன்று. அது இருந்தால்தானே நீங்கள் ஞாயிறு தவறாமல் வந்து என்னிடம் ஒரு வார்த்தையாவது பேசுகிறீர்கள் என்றார். சில வாரம் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்று தேடுவேன், சுலபமாக இருந்தால் உங்களுக்கு முகம் விழுந்துவிடும் என்றார்.

எட்டு வருடத்து வட்டங்களும் ஒற்றுக்காரர் கண்முன் வரிசையாக வந்து போயின. ஒவ்வொன்றையும் தான் வேட்டையாடிப் பிடித்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! எல்லாமே அவருக்கென்று யாரோ எடுத்து வைத்தவை. போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருடத்தில் முதல்முறை.

"தோத்துட்டேன் ஐயா" என்றார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, இன்றைக்கு நான் ஜெபம் பண்ணுகிறேன் என்றார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இதைக் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடினார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் முன்னாலிருந்தே தொடங்கினார்.

"ஆண்டவரே" என்றார். "இவங்க மூணு பேருக்காக உங்ககிட்ட தோத்துட்டேன்."

ஒரு சின்னக் கை அவர் முழங்கையைத் தட்டியது. கண்ணைத் திறந்தார். குருவி கரண்டியால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.

"தோத்துட்டேன் இல்லப்பா" என்றாள். "தோத்துட்டோம். நாங்களும் இருக்கோம்ல."

அவர் திருத்திச் சொன்னார்.